மழையும் மண்சரிவும்: எச்சரிக்கை உண்டு, போக இடம் உண்டா?



இந்த முறை நம் பாடம் மண்சரிவைப் பற்றியது. "அதைப் பத்தி எங்களுக்குத் தெரியாததா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லயத்துக்குப் பின்னால் மண்திட்டு இடிந்து விழுவதையும், மழை இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுவதையும் யாரும் நமக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மலை ஏன் சரிகிறது, இப்போது மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது, நம் மலையைப் பற்றி அரசாங்கத்தின் கையில் என்ன விவரம் இருக்கிறது, அந்த விவரம் இருந்தும் நாம் ஏன் அதே லயத்தில் படுத்துத் தூங்குகிறோம் என்பதையெல்லாம் சேர்த்து வைத்து நாம் பார்ப்பது குறைவு. இதில் கடைசிக் கேள்விதான் பெரியது. மற்றவை அதற்குப் போகிற வழி.

மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் உள்ள மீரியபெத்தை. காலை ஏழரை மணியளவில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், மேலே இருந்த மலை இறங்கி வந்து லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பலர் அதனாலேயே பிழைத்தார்கள். வீடு திரும்பினால் வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை.

இந்தச் செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத பகுதி இனித்தான். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லேயே சொல்லியிருந்தது. 2011இல் மறுபடியும் சொன்னது. மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது அந்த எச்சரிக்கை. அதாவது மலை திடீரென்று நம்மை ஏமாற்றவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பே அது எழுத்தில் இருந்தது.

அனர்த்தம் நடந்த பிறகு, "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பேசியவர்களும் உண்டு. தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் இதற்குப் பதில் ஒன்றுதான்: "போகச் சொன்னாங்க சரி. எங்க போறதுன்னு சொன்னாங்களா?" கிராமத்துக்காரருக்குப் போவதென்றால் இன்னொரு துண்டுக் காணி இருக்கலாம், இல்லாவிட்டால் இருக்கிற காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம். லயத்துக் காம்பராவை யாரிடம் ஈடு வைப்பது? பேர் போட்டு வேலைக்குப் போகிற வரைக்கும்தான் அந்தக் காம்பரா.

தப்பியவர்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்க வைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் அப்படியே போனது. 2016 ஒக்டோபரில் 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடுகள் நல்ல வீடுகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 75 வீட்டுக்கான காணி 2016இல் கிடைத்தது. கட்டுவதற்கு ஆளும் பணமும் கிடைத்தன. 2005இலும் அந்தக் காணி அங்கேதான் இருந்தது. அப்போது அதைத் தர வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை.

இது ஒரு தோட்டத்தோடு முடிந்த கதையும் இல்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் லயங்கள்மேல் மண் வந்தது. அன்று உயிர்ச்சேதம் இல்லாமல் போனதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மலை ஏன் சரிகிறது?

மலையின் அடியில் கற்பாறை, அதன்மேல் மண். மண் துகளும் துகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவான இடத்திலும் மண் நிற்கிறது. துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி உண்டு. சாதாரண மழையில் அந்த இடைவெளிக்குள் நீர் இறங்கி, மெதுவாக வடிந்து, பீலிக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். விடாமல் கொட்டுகிற மழையில் வடிவதற்கு நேரம் இல்லை. இடைவெளி எல்லாம் நீர் நிரம்பி, அந்த நீரின் அழுத்தம் துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. மண்ணின் பிடி விடுகிறது, பாரமும் கூடுகிறது. கோதுமை மாவில் அளவாகத் தண்ணீர் விட்டால் உருண்டை பிடிக்கலாம், அளவு மிஞ்சினால் கையில் நிற்காது. அதே கதைதான்.

ஒரு காலத்தில் தேயிலை மலையில் கான் வெட்டுவது பெரிய வேலையாக இருந்தது. மழை நீர் மண்ணை அறுத்துக்கொண்டு போகாமல் மலைக்குக் குறுக்கே கான் போட்டு, மண் நிரம்பினால் அள்ளி, நீரைப் பக்கத்து ஓடைக்கு வழி நடத்துவார்கள். இன்றைக்கு எத்தனை மலையில் கான் ஒழுங்காகத் துப்புரவு செய்யப்படுகிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஆள் குறைவு, செலவு அதிகம் என்று விட்டுவிட்ட இடத்தில் நீர் தனக்குப் பிடித்த வழியில் இறங்குகிறது. லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி அடுப்படி இழுத்துக் கட்டுவதும் ஆபத்தைக் கூட்டும். இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தால் பின்னால் இழுத்துக் கட்டாமல் என்ன செய்வது? தப்பு வெட்டியவன் மேல் இல்லை. ஆனால் மலைக்கு அந்த நியாயம் தெரியாது.

லயம் நிற்கிற இடத்தையும் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் லயத்தைக் கட்டும்போது தேயிலைக்கு ஆகாத இடத்தைத்தான் பார்த்தார்கள். ஓடைக்கரை, பள்ளம், சரிவின் அடிவாரம். பங்களாவை அங்கே கட்டவில்லை.

மழை மாறிவிட்டது

"முந்தி அடைமழைன்னா ஒரு கிழமைக்குத் தூறிக்கிட்டே இருக்கும். இப்ப ஒரே ராவுல கொட்டித் தீர்த்துடுது" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விஞ்ஞானிகள் சொல்வதும் அதுவே. காற்று எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அதிகமாக ஆவியைத் தாங்கும். ஒரு பாகை செல்சியஸ் சூடு கூடினால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஆவி. அது மழையாக இறங்கும்போது கனமாக இறங்கும். நிலக்கரி, டீசல், பெற்றோல் எரித்ததில் வந்த புகை உலகத்தைச் சூடாக்கியிருக்கிறது. அந்தப் புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூட வராது. அதிலும் விறகடுப்பில் சமைத்து, ஒரு பல்பு போட்டு, நடந்தே வேலைக்குப் போகிற லயத்துக் குடும்பத்தின் பங்கு என்ன இருக்கப் போகிறது? ஆனால் மலை இறங்குவது நம் கூரைமேல்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இதைக் காட்டிவிட்டுப் போனது. மலைநாட்டில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னும் பலர் காணாமல் போனவர்கள் பட்டியலில். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் இழப்பு மிக அதிகம், அதற்குக் காரணம் மண்சரிவு. தமிழில் எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை என்ற குறையும் அப்போது பலமாக எழுந்தது. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். "உடனே வெளியேறுங்கள்" என்ற ஒரு வரி தமிழில் இல்லாவிட்டால் அதைப் பிறகு எப்படித் திருத்துவது?

காலநிலை என்ற பெயரில் அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியில் நிறுத்தினார்கள். இயற்கைக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது என்றார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. மலை மஞ்சளாகி, கொழுந்து குறைந்து, கிலோ வராமல் அரைப்பேர் விழுந்தது நமக்குத்தான். 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. தடையை அந்த வருஷம் முடியும் முன்பே எடுத்துவிட்டார்கள், ஆனால் செடி உடனே திரும்பி வருமா? மண்ணின்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், அதே மண் லயத்தின்மேல் விழாமல் தடுக்க ஒரு திட்டம் போட்டிருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விவரம் அவர்கள் கையில் இருக்கிறது

1986 ஜனவரியிலும் 1989 ஜூனிலும் மலைநாட்டில் பெரிய மண்சரிவுகள் நடந்தன. அதற்குப் பிறகு, 1990இலிருந்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு ஆபத்து வரைபடம் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது பதுளையும் நுவரெலியாவும். பிறகு கேகாலை, இரத்தினபுரி, கண்டி, மாத்தளை என்று மற்ற மாவட்டங்கள். ஆக, நம் மலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று காட்டுகிற படம் கொழும்பில் இருக்கிறது. நம் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறார்களா?

அந்த நிறுவனம் மழையை வைத்து மூன்று நிலை எச்சரிக்கை தருகிறது. வானொலியில் கேட்டிருப்பீர்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் சிவப்பு: வெளியேறிவிட வேண்டும்.

75 மில்லிமீற்றர் என்றால் என்ன? மழை வடிந்து போகாமல் தரையில் அப்படியே நின்றால் மூன்று அங்குல உயரம். அவ்வளவுதான். இதை அளக்க எந்த இயந்திரமும் வேண்டாம். நேராக இருக்கிற பெரிய சோடா போத்தல் ஒன்றை எடுத்து, தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல் துண்டைக் கவிழ்த்து அதே போத்தலில் புனல் போல வையுங்கள். அடியில் மேடு பள்ளம் இருக்கும், அதைச் சின்னக் கற்கள் போட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் பூச்சியம். அதிலிருந்து பிள்ளைகளின் அடிமட்டத்தால் மேலே மில்லிமீற்றர் குறியுங்கள். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில் ஆடாமல் நட்டு வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீரை வைத்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை இதை நன்றாகச் செய்யும். பெரிய மழை நாளில் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். தோட்டத்தில் ஆபீஸிலோ தொழிற்சாலையிலோ மழைமானி வைத்து மழைக் கணக்கு எழுதுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். அந்தக் கணக்கு கொழுந்துக்காக எழுதப்படுகிறது. அதே எண்ணைத் தினமும் பெரட்டுக்களத்துப் பலகையில் எழுதிப் போடச் சொல்லிக் கேட்கலாம். ஒரு வெண்கட்டிச் செலவு.

எண் 75ஐத் தொடவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. ஏற்கெனவே ஊறிப்போன மலை குறைந்த மழைக்கும் சரியும். தரையில் புது வெடிப்பு, சுவரில் வெடிப்பு, நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது, மரமும் விளக்குக் கம்பமும் சாய்வது, ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் தண்ணீர் கிளம்புவது, இருந்த ஊற்று நின்றுபோவது ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எச்சரிக்கைக்குக் காத்திராமல் கிளம்பிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி 117.

இருந்தும் ஏன் அதே லயத்தில்?

இவ்வளவும் தெரிந்து, சிவப்பு எச்சரிக்கை வந்து, இரவில் வெளியேறி, மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தெழும்பி, நான்காம் நாள் எங்கே போகிறோம்? அதே லயத்துக்கு. இங்கேதான் நம் கோபம் நியாயமான இடத்தில் போய் நிற்க வேண்டும்.

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதற்குப் பிறகு ஆபத்தான இடத்தில் இருந்த குடும்பங்களை இடம் மாற்ற ஒரு திட்டம் வந்தது. காணி வாங்க 4 இலட்சம், வீடு கட்ட 12 இலட்சம். அரசாங்கக் காணியில் 12 இலட்சத்துக்கு வீடு கட்டலாம், அல்லது தானே காணி பார்த்து வாங்கிக் கட்டலாம், அல்லது 16 இலட்சத்துக்குக் கட்டிய வீட்டோடு காணி வாங்கலாம். தொகை போதாது என்று அப்போதே பேச்சு இருந்தது. ஆனாலும் குடும்பத்தின் கையில் ஒரு தெரிவு இருந்தது. அதற்கு அடிப்படை என்ன? அந்தக் குடும்பம் ஒரு வீட்டுக்கும் ஒரு துண்டு நிலத்துக்கும் சொந்தக்காரராக அரசாங்கத்தின் கண்ணில் தெரிந்தது.

லயத்துக் குடும்பம் அப்படித் தெரிவதில்லை. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இலிருந்து கம்பனிகளிடம் போயின, இப்போது நீண்ட காலக் குத்தகையில் இருக்கின்றன. ஆகவே பாதை கேட்டால் "அது தோட்டத்து விஷயம்" என்று அரசாங்கம் சொல்லும். வீடு கேட்டால் "காணி எங்களுடையதில்லை" என்று கம்பனி சொல்லும். பிள்ளைகள் பந்து உருட்டுகிற மாதிரி. 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போட்ட சபை, நம் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்ட முடியாது! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருஷம். பிரதேச செயலகமும் அப்படியே. 2012 கணக்கெடுப்பில் நுவரெலியாப் பிரிவிலும் அம்பகமுவப் பிரிவிலும் தலைக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். ஒரு பிரதேச செயலாளர் இரண்டு இலட்சம் பேருடைய கடிதத்தை எப்போது படித்து முடிப்பது?

சம்பாதித்துக் காணி வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர் வறுமையில் இருந்தார்கள். நகரத்தில் நூற்றுக்கு 6. தோட்டத்தில் நூற்றுக்கு கிட்டத்தட்ட 34. அது 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு. இதில் காணி வாங்குவது எங்கே!

"அரசாங்கத்திடம் காசு இல்லை" என்பது அடுத்த பதில். அதில் பாதி உண்மை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2024இல் கூட அரசாங்க வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. ஆகவே பணம் இல்லை என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நாம் முதலில் கேட்பது பணம் இல்லை, காணி. அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்றால் நூறு குடும்பத்துக்கு 700 பேர்ச். நாலரை ஏக்கரும் இல்லை. 10 பேர்ச் கொடுத்தாலும் ஆறேகால் ஏக்கர். பாதைக்கும் கானுக்கும் இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான ஏக்கர் உள்ள தோட்டத்தில், கைவிடப்பட்டுக் காடாகிப் போன மலைகளே எத்தனையோ இருக்க, பாதுகாப்பான எட்டு ஏக்கரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா? காணி அரசாங்கத்துடையது என்பதால் யாரிடமும் வாங்கவும் வேண்டியதில்லை. இது வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குகிற காரியம் இல்லை. மேசையில் இருக்கிற கோப்பில் கையெழுத்துப் போடுகிற காரியம்.

பணம் வருவது எப்போது என்றும் பாருங்கள். டித்வாவுக்குப் பிறகு, 2025 டிசம்பரில், முழுதாக அழிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை தருவதாக ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார். பெரிய தொகை, வரவேற்க வேண்டியது. ஆனால் வீடு விழுந்த பிறகு தருகிற தொகை. விழப் போகிறது என்று வரைபடத்தில் தெரிகிற வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே தந்தால், ஆளும் மிஞ்சும், மிச்சப் பணமும் மிஞ்சும். தவிர, லயத்துக்கு வந்தால் கேள்வி சிக்கலாகிறது. காம்பரா யாருடைய வீடு? செத்துப்போன தாத்தாவின் பெயரில் இருக்கிற காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் எழுதப்படுவது ஒன்றா, மூன்றா? இதை மண் விழுந்த பிறகு பேசி முடிக்க முடியாது.

இப்போதே செய்யக்கூடியவை

லயம் லயமாகப் பட்டியல் எழுதுங்கள். காம்பரா எண், அதில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், வேலை செய்கிறவர் யார், வெளியில் வேலைக்குப் போனவர் யார். தனித்தனிக் குடும்பம் என்றால் தனித்தனியாக எழுத வேண்டும், வெட்கப்பட வேண்டாம். எல்லோருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் சரியாக இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். பட்டியலின் ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி தோட்ட ஆபீஸில், ஒரு பிரதி லயத்தில் வேண்டாம், வேறு இடத்தில். (போன முறை பட்டியல் லயத்தோடு புதைந்தது என்று நாளைக்குச் சொல்ல நேரக்கூடாது.)

ஓடிப் போகிற இடத்தையும் முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் பிள்ளைக் காம்பராவும் அதே சரிவில்தான் நிற்கின்றன என்றால் அங்கே ஓடி என்ன பயன்?

யாராவது கடதாசி ஒன்றைக் கையில் தந்து, படம் பிடித்துக்கொண்டு போனால், வாங்கி வைத்துவிடாமல் படித்துப் பாருங்கள். அது காணி உறுதியா, வெறும் உறுதிமொழியா? உறுதியென்றால் காணியின் அளவும் எல்லையும் உங்கள் பெயரும் அதில் இருக்கும்.

கடைசியாக, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இது. நாட்டின் பிரஜை எவரும் அரச நிறுவனத்திடம் உள்ள தகவலைக் கேட்கலாம். 1948இல் நம்மவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட பிரஜாவுரிமை முழுதாகத் திரும்பி வர 2003 வரை காத்திருந்தோம். கையில் வந்த உரிமையைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. கடிதம் கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

கடிதத்தின் மாதிரி ஒன்றைக் கீழே தருகிறோம். பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

தகவல் அதிகாரி,
தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்.

ஐயா / அம்மணி,

நான் .......... தோட்டம், .......... டிவிசன், .......... இலக்க லயத்தில் வசிக்கிறேன். கீழ்க்காணும் தகவல்களைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் லயம் உள்ள இடம் மண்சரிவு ஆபத்து வரைபடத்தில் எந்தப் பிரிவில் உள்ளது? இந்த இடத்தை உங்கள் அதிகாரிகள் எந்தெந்தத் திகதிகளில் பார்வையிட்டார்கள்? அவர்கள் எழுதிய அறிக்கைகளின் பிரதிகள் தேவை. எங்களை இடம் மாற்றும்படி சிபாரிசு செய்திருந்தால், அது யாருக்கு, எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது? அதற்கு வந்த பதிலின் பிரதியும் தேவை.

இப்படிக்கு,
பெயர், முகவரி, கையொப்பம், திகதி.